மனநோயும் குடும்பமும்: நோயாளியோடு உறவினரும் தங்கிய வேலூர் முறை சொல்லும் செய்தி என்ன?

வெதுருகுப்பம்: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட வெதுருகுப்பம் போன்ற ஊர்ப்புறங்களில் ஒருவருக்குக் கடுமையான மனநோய் கண்டால், குடும்பத்தின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, திருப்பதியிலுள்ள ரூயா அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மற்றொன்று, மாநில எல்லையைத் தாண்டி வேலூர். மூன்றாவது, கோயில், தர்கா, மந்திரிப்பவர் வீடு. மாநிலத்தின் பழைமையான அரசு மனநல மருத்துவமனை விசாகப்பட்டினத்தில், எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கூலி வேலையை விட்டுவிட்டு நோயாளியை அவ்வளவு தொலைவு அழைத்துச் செல்வது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத காரியம்.

எந்த வழியில் போனாலும் உடன் செல்பவர் ஒருவர் வேண்டும். தாய், மனைவி, அண்ணன், மகள் என அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். மனநோயைப் பற்றிய பேச்சில் நோயாளியும் மருத்துவரும் இடம்பெறும் அளவுக்கு இந்த மூன்றாம் நபர் இடம்பெறுவதில்லை. நோய் தணிவதிலும் திரும்புவதிலும் அவருக்குள்ள பங்கு பெரிது என்பதை வேலூர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவ முறையாகச் செய்து காட்டியது.

பாகாயத்தில் 1957

இன்றைய சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி 1911 ஏப்ரல் 1-க்கு முன்பு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நிர்வாக எல்லைகள் பின்னர் மாறினாலும், உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூருக்குப் போவது என்னும் வழக்கம் மாறவில்லை. தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே பேருந்தில்தான் அங்கே போகிறார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ஆம் ஆண்டு நகருக்கு வெளியே பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் முன்னின்றவர் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ். அந்த மையத்தின் முக்கியமான விதி ஒன்று உண்டு. நோயாளியை விட்டுவிட்டுப் போக முடியாது; சேர்க்கப்படும் ஒவ்வொருவருடனும் நெருங்கிய உறவினர் ஒருவராவது அங்கேயே தங்க வேண்டும்.

இன்று கேட்பதற்கு இது எளிய ஏற்பாடாகத் தோன்றலாம். அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால்தான் அதன் புதுமை விளங்கும். சென்னையில் 1794-ஆம் ஆண்டு மருத்துவர் வேலண்டைன் கொனோலி தொடங்கிய மனநோயாளர் இல்லம், பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளிலும் ஆங்கிலேய ஆட்சி அத்தகைய இல்லங்களைக் கட்டியது. உயர்ந்த மதிற்சுவரும் பூட்டிய வாயிலும் அவற்றின் அடையாளம். குடும்பம் வாயில் வரை வரும். நோயாளி உள்ளே போவார். பலரைப் பொறுத்தவரை அந்த வாயில் மறுபடி திறந்ததே இல்லை. நோய் குணமான பிறகும் அழைத்துச் செல்ல ஆள் வராததால் முதுமை வரை உள்ளேயே இருந்தவர்கள் நாடு முழுவதும் உண்டு.

உறவினரை உள்ளே அழைக்கும் எண்ணம் வேலூருக்கு முன்பே பஞ்சாபில் முளைத்திருந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் மருத்துவர் வித்யா சாகர், 1950-களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்து, நோயாளிகளின் குடும்பத்தினரைத் தங்கவைத்தார். நெரிசலும் பணியாளர் பற்றாக்குறையும் நிறைந்த மருத்துவமனையில் அது நடந்தது. உடன் தங்கியவர்கள் நோயாளியைக் கவனித்துக்கொண்டதோடு, மாலை வேளைகளில் மருத்துவர் சொன்னதைக் கேட்டு, நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினர்.

வேலூர் அதையே நிலையான முறையாக்கியது. அங்கு பணியாற்றிய கோல்மேயர், பெர்னாண்டஸ் என்னும் இரு மருத்துவர்கள் இந்தக் குடும்ப அணுகுமுறை பற்றி 1963-இல் அமெரிக்க மனநல ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த மருத்துவர் ஆபிரகாம் வர்கீஸ், 1988-இல் எழுதிய கட்டுரையில் இதை 'வேலூர் சோதனை' என்றே குறிப்பிட்டார். (அதே பெயருடைய புகழ்பெற்ற நாவலாசிரியர் வேறொருவர்.)

உடன் தங்குவதால் என்ன நடக்கிறது?

மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம. பிறர் காதில் விழாத குரல்கள் நோயாளிக்குக் கேட்கின்றன. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகவும் உணவில் நஞ்சு கலப்பதாகவும் உறுதியாக நம்புகிறார். இவை வெளியே தெரியும் அறிகுறிகள். இவற்றைவிடக் குடும்பத்தை அதிகம் குழப்புவது வேறொன்று: நோயாளி பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார், குளிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, நாள் முழுவதும் படுத்திருக்கிறார். வீட்டார் இதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அதுவும் நோயின் அறிகுறியே. மாத்திரைக்குக் குரல்கள் அடங்கும் அளவுக்கு இந்த மந்தநிலை விரைவில் விலகுவதில்லை.

வெளிநோயாளிப் பிரிவில் பத்து நிமிடத்தில் இதை விளக்கிவிட முடியாது. சில வாரங்கள் உடன் தங்கும் தாய், தன் மகனைப் போலவே எழாமல் படுத்திருக்கும் வேறு பிள்ளைகளைப் பார்க்கிறார். அவர்களின் தாய்மாரோடு பேசுகிறார். இது தன் வளர்ப்பின் குறையோ, பிள்ளையின் குணக்கேடோ அல்ல என்று அவருக்குப் புரிகிறது. மருந்தை எந்த நேரத்தில் கொடுப்பது, கை நடுக்கம் வந்தால் யாரிடம் சொல்வது, தூக்கம் குறையத் தொடங்கினால் அது எதன் முன்னறிவிப்பு என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்கிறார். மருத்துவருக்கும் ஆதாயம் உண்டு. வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர் நேரில் காண்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு மிஞ்சுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சார்பில் 1980-களில் லக்னோ, சென்னை, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் நல்ல நிலையில் இருந்தனர். மனச்சிதைவு என்றால் வாழ்க்கை முடிந்தது என்னும் எண்ணத்துக்கு அந்த முடிவு நேர் எதிரானது. அதற்குக் குடும்பம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது; மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டதும் அந்நோயாளிகளின் முன்னேற்றத்தோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஆனால் மாத்திரையை நினைவூட்டிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியும் அங்கேயே எழுகிறது.

லண்டனில் கண்ட முரண்

குடும்பம் உடன் இருந்தால் போதும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. 1950-களின் இறுதியில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்தார். பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களுக்கு, உடன்பிறந்தாரிடமோ வாடகை அறைக்கோ சென்றவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியது. அன்பு மிகுந்த இடத்துக்குப் போனவர்களுக்குத்தான் பின்னடைவு நேர்ந்தது.

காரணத்தைத் தேடியபோது, வீட்டுப் பேச்சின் தன்மையில் அது இருப்பது தெரிந்தது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, நோயாளியை ஒரு நொடியும் தனியே விடாத மிதமிஞ்சிய பதற்றம் ஆகிய மூன்றும் மிகுந்த வீடுகளில் நோய் விரைவில் திரும்பியது. மூன்றாவது காரணம் நம் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது. முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டுவதும், அவர் கழிப்பறைக்குப் போனாலும் கதவருகே நிற்பதும் பாசம்தான். நோயால் ஏற்கெனவே கலங்கியிருக்கும் மனத்துக்கு அந்தப் பாசமும் ஒரு பாரம்.

1980-களில் சண்டிகரில் இதே அளவீட்டைக் கொண்டு ஆய்வு நடந்தது. லண்டனோடு ஒப்பிட, அங்கே அத்தகைய கடுமை மிகுந்த குடும்பங்கள் குறைவாகவே இருந்தன. கூட்டுக் குடும்பத்தில் பொறுப்பு பலருக்குப் பகிரப்படுவது, நோயை விதியென்று ஏற்று நோயாளியைப் பழிக்காமல் இருப்பது எனப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியா. இன்று வேலை தேடி இளையோர் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊர்களில், மனநோயுற்ற ஒருவரை வயதான தாய் ஒருவரே பார்த்துக்கொள்வது பொதுவாகிவிட்டது. பத்துப் பேர் தாங்கிய சுமை ஒருவர் தோளில் விழும்போது குறைகூறலும் பதற்றமும் கூடத்தான் செய்யும். அந்தத் தாயைக் குற்றம் சாட்ட இந்த ஆய்வை எடுத்துக்கொள்வது நியாயமல்ல. அவருக்கு ஓய்வு கிடைப்பதும் நோயாளிக்கான மருத்துவமே என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

அன்றாடத்தில் இதன் பொருள் எளிது. "உன்னை யாரும் கண்காணிக்கவில்லை, பைத்தியக்காரத்தனமாகப் பேசாதே" என்று வாதிடுவதால் நோயாளியின் நம்பிக்கை குறைவதில்லை. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பாடுவதும் தவறு. "உனக்கு அப்படிக் கேட்பது பயமாக இருக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு அது கேட்கவில்லை" என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டிலும் அவமதிப்பு இல்லை. தற்கொலை எண்ணம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. பெரும்பாலும், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்களே அதிகம்.

கோயிலில் ஒன்று, ஏர்வாடியில் ஒன்று

மூன்றாம் வழியான கோயிலையும் தர்காவையும் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பல ஆண்டுகளாக மேற்கொண்ட ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. நோயாளிகளும் உறவினரும் நோய்க்கு ஒரே காரணத்தை நம்புவதில்லை. செய்வினை, கர்மவினை, பேய், உடல் நோய் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் நம்புகிறார்கள். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் 'சேத்தபடி' என்று சொல்லப்படும் செய்வினைப் பயத்துக்கும் இது பொருந்தும். காலையில் மருத்துவமனைக்கும் மாலையில் மந்திரிப்பவரிடமும் போகும் குடும்பத்துக்கு அதில் முரண் எதுவும் தெரிவதில்லை. கோயிலுக்குப் போகாதே என்று சொல்லும் மருத்துவரைவிட, போய் வா, மாத்திரையையும் நிறுத்தாதே என்று சொல்பவரிடமே அவர்கள் மறுபடி வருவார்கள்.

தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூரு நிமான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். கோயிலில் மருந்தோ சிறப்புச் சடங்கோ இல்லை, கட்டணமும் இல்லை. காலையில் எளிய வழிபாடு, பகலில் பெருக்குவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். சில வாரங்களில் அவர்களின் நோய் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் இல்லை. எனவே கோயிலே மருந்து என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. கவனிக்க வேண்டியது வேறு. அங்கே ஒவ்வொரு நோயாளியுடனும் உறவினர் ஒருவர் தங்கியிருந்தார். யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை. பாகாயத்தில் மருத்துவர்கள் வகுத்த அதே ஏற்பாடு, கோயில் வழக்கிலும் இருந்திருக்கிறது.

இந்த ஆய்வு வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். தர்காவை நம்பி வந்த குடும்பங்கள், கூடவே தங்க இயலாமல், பணம் கொடுத்துக் காப்பகங்களில் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். விபத்துக்குப் பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐநூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

முத்துசாமி கோயிலுக்கும் ஏர்வாடிக் கொட்டகைக்கும் உள்ள வேறுபாட்டை நம்பிக்கையின் அளவில் தேடினால் கிடைக்காது. முன்னதில் நோயாளியைத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தார். பின்னதில் அந்த இடத்தில் ஒரு சங்கிலி இருந்தது.

சோற்றில் கலக்கும் மாத்திரை

உடன் இருப்பவர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தனக்கு நோயில்லை என்று நோயாளி மறுக்கும்போது, மாத்திரையைப் பொடித்துச் சோற்றிலோ காபியிலோ கலந்து கொடுப்பது நம் வீடுகளில் பரவலாக நடக்கிறது. வேறு வழியில்லாமல்தான் செய்கிறார்கள். மருத்துவர்கள் சிலர் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்.

இதன் விலை பெரிது. உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் ஒருவர், உணவில் எதையோ கலப்பதை ஒருநாள் கண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அதன்பின் அவர் அந்த வீட்டில் எதையும் நம்பமாட்டார். அவர் பயந்தது உண்மையாகிவிட்டது. மேலும், மருந்து உடலில் சேர்வதே தெரியாதவர், அதனால் வரும் தூக்கக் கலக்கத்தையும் உடல் பருமனையும் கை நடுக்கத்தையும் மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்? லித்தியம் போன்ற மருந்துகளுக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம். அளவு கூடினால் அது உடலுக்குக் கேடு. மறுப்பவருக்கு, மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்து உண்டா, பக்க விளைவு குறைந்த வேறு மாத்திரை உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது நேர்மையான வழி. பலர் மறுப்பது நோயை அன்று, மாத்திரை தரும் மந்தத்தை.

குணமான சில மாதங்களில் மருந்தை நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. முதல் முறை நோய் கண்டவர்களும் நலமடைந்த பிறகு ஓராண்டு, ஈராண்டு மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. நிறுத்திய உடனே எதுவும் நடப்பதில்லை, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். சில வாரங்களோ மாதங்களோ கழித்து முதலில் தூக்கம் குறைகிறது.

சட்டம் யார் பக்கம்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உடன் இருப்பவரின் இடத்தைச் சட்டம் புதிய முறையில் வரையறுத்திருக்கிறது. முந்தைய சட்டத்தில் உறவினர் மனுக் கொடுத்தால், நீதிபதியின் ஆணையோடு ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க முடிந்தது. இப்போது, நோயாளி தனக்கு யார் துணையாக இருக்க வேண்டும் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். 'நியமனப் பிரதிநிதி' எனப்படும் அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நண்பராகவும் இருக்கலாம். நலமாக இருக்கும் நாளிலேயே, நோய் முற்றினால் எனக்கு இந்த மருத்துவம் வேண்டும், இது வேண்டாம் என்று எழுதி வைக்கவும் 5-வது பிரிவு இடம் தருகிறது.

நோயாளியால் முடிவெடுக்க இயலாத நிலையில், பிரதிநிதியின் வேண்டுகோளின் பேரில், மருத்துவ வல்லுநர்களின் பரிசோதனைக்குப் பின் 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் நீட்டிப்பதற்குத் தனி விதிகள் உண்டு. எந்த வகையிலும் எவரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 95-வது பிரிவு. மயக்க மருந்தின்றி மின் அதிர்ச்சி தருவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல் துறை சிறையிலோ காவல் நிலையத்திலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-வது பிரிவே இடம்பெறவில்லை.

ஊர்ப்புறக் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய விதி 18-வது பிரிவில் இருக்கிறது. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதாவது, மாதாமாதம் மாத்திரைக்காக மட்டும் வேலூருக்கோ திருப்பதிக்கோ பேருந்து ஏற வேண்டிய தேவை சட்டப்படி இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அருகிலுள்ள சமுதாய சுகாதார நிலையத்தில் கேட்பதற்கு உரிமை உண்டு.

சட்டம் நோயாளியின் உரிமையை உயர்த்தியது சரியே. ஆனால் அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவருக்கு அது பொறுப்பை வரையறுத்த அளவுக்கு உதவியை வரையறுக்கவில்லை என்னும் குறை உண்டு. அவருக்கு ஊதியமில்லை, விடுமுறையில்லை. அவரும் மனச்சோர்வுக்கு ஆளானால் அதைக் கேட்க ஆளில்லை.

பற்றாக்குறையின் அளவு

நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது, ஆந்திரம் இல்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்னும் நிலையில், எல்லோரையும் மருத்துவரே பார்க்க வேண்டுமென்றால் ஒருபோதும் நடக்காது.

மாற்று வழி ஒன்று சோதிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப் பங்கேற்ற ஆய்வு அது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கோவா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று மருந்தையும் அன்றாடத்தையும் குடும்பத்தின் நிலையையும் கவனித்தார். அப்பணியாளர்கள் மருத்துவர்களும் அல்லர், செவிலியரும் அல்லர். 2014-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, வீட்டுக்கு ஆள் சென்ற குழுவில் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது. மூன்று இடங்களிலும் அதிகப் பயன் கிடைத்தது தமிழ்நாட்டின் கிராமப் பகுதியில்தான். மனநலச் சேவை மிகக் குறைவாக இருந்த இடமும் அதுவே.

ஆஷா பணியாளர் ஏற்கெனவே ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கும் ஆந்திரத்தில், இந்த வேலையைச் செய்வதற்கான ஆள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பயிற்சியும் அதற்கான ஊதியமும்தான் வேண்டும்.

பெற்றோருக்குப் பின்

மனநோயுற்ற பிள்ளையுடைய எந்தத் தாயிடம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. ஆந்திர அரசு தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியத்தை 2024 ஜூலையில் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. மனநோய்க்கும் இந்தச் சான்று பெறலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர், சான்று வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கையின் திருமணம் தடைப்படும் என்று தயங்குகிறார்கள். தாய் உயிரோடிருக்கும்போதே அவர் கையால் வாங்கி வைக்கப்பட்ட சான்று, பின்னாளில் அண்ணன் தம்பிகள் பொறுப்பேற்பதைச் சற்று எளிதாக்கும்.

உறவினரே இல்லாதவர்களுக்கும் ஏற்பாடு இயலும். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் இருவரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, தெருவில் விடப்பட்ட மனநோயுற்ற பெண்களைப் பராமரித்து வருகிறது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களைச் சிலர் சிலராக, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடியமர்த்தும் திட்டத்தை அது நடத்துகிறது. அங்கே அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் உடன் இருக்கிறார். சமுதாயத்தில் வாழும் உரிமை என்று சட்டத்தின் 19-வது பிரிவு சொல்வதன் நடைமுறை வடிவம் இதுதான்; குடும்பம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட இச்சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். நோயாளி அழைக்க மறுத்தாலும், அவரைப் பார்த்துக்கொள்பவர் தமக்காக அழைத்துப் பேசலாம்.